எஞ்சினுக்கு ஒரு ஜாதகம்

துவாக்குடியில் தஞ்சாவூர் சாலையை விட்டுச் சிறு தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பினால், பாய்லர் தொழிற்சாலைக்குத் தகடு வெட்டிக் கொடுக்கும் பட்டறைகள் வரிசையாக வரும். வெல்டிங் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவற்றைக் கடந்து போனால், கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஒரு பாய் இருக்கிறார். அறுபது வயது இருக்கும். புதுக் கார்களை அவர் தொடுவதில்லை. "அதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க இருக்காங்க, சார்" என்பார். முப்பது வயதுக்கு மேற்பட்ட எஞ்சின்தான் அவருக்குச் சரக்கு.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலையில் நான் அந்தக் கொட்டகையில் ஒரு முக்காலியின்மேல் உட்கார்ந்து, பாய் ஓர் எஞ்சினுக்கு எண்ணெய் ஸ்நானம் செய்விப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் எங்கள் பெரியப்பாவின் காரிலிருந்து இறக்கியது. காரென்றால் சாதாரணக் கார் அல்ல. 1951-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு வான்கார்டு. பின்புறம் ஆமை முதுகுபோல் சரிந்து இறங்கும் பழைய மாதிரி. தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடமிருந்து பெரியப்பா அதை 1956-இல் இரண்டாங்கையாக வாங்கினார். அவர் காலமான பிறகு, செங்கிப்பட்டிக்கு வடக்கே எங்கள் கிராமத்து மாட்டுக்கொட்டகையில் அது நாற்பது வருஷமாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைக்குத் திடீரென்று அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

பாசத்துக்குக் காரணம் இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய கார்களை 'விண்டேஜ்' வண்டிகளென்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அவற்றுக்கென்று தனி வரிசையில் எண்ணும் உண்டு. ஆனால் வண்டி பிறந்த மேனியாக இருக்க வேண்டும். சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாறுதல் எதுவும் செய்திருக்கக் கூடாது.

"அதைப்பற்றி என்ன கவலை?" என்றார் பெரியம்மா. அவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது. "உங்க பெரியப்பா அந்த வண்டியில ஒரு திருகாணிகூட மாத்தினதில்லை. எனக்குத் தெரியாதா?"

ஆர்.சி. புத்தகம் பெட்டியிலேயே இருந்தது. கறையான் ஓரத்தைத்தான் தின்றிருந்தது. எஞ்சின் எண் என்ற இடத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 'ஈ' என்ற எழுத்தில் முடியும் ஓர் எண், பழைய குமாஸ்தா ஒருவரின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அதே எண் எஞ்சினிலும் இருந்துவிட்டால் காரியம் முடிந்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

பாய் முதலில் மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்தார். பிறகு பித்தளைக் கம்பி பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். உப்புத்தாள் கொண்டுவந்த பையனை ஒரு முறை முறைத்தார். "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா நம்பர் மங்கும். நாளைக்கு ஆர்.டி.ஓ. வந்து 'யார்ரா இதை ராவினது?'ன்னு கேட்பார்" என்றார். அப்புறம் ஒரு சாக்பீஸை எடுத்து அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்கும் பூசி, விரலால் மேலாக வழித்தார். குழிக்குள் வெள்ளை தங்கிற்று. பழைய நோட்டுத்தாள் ஒன்றை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தார்.

எனக்குச் சட்டென்று திருவெறும்பூர் நினைவு வந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அந்த மலைக்கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டு இலாகாக்காரர்கள் ஈரக் காகிதத்தை ஒட்டித் தட்டி, மை தடவிப் படி எடுப்பார்கள். காகிதமும் பென்சிலும் வேறு; வித்தை ஒன்றுதான். அங்கே இன்ன ராஜாவின் இத்தனையாவது ஆட்சி ஆண்டு என்று தெரியவரும். இங்கே எஞ்சின் எந்த வயிற்றில் பிறந்தது என்று தெரியவரும்.

பாய் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சார், இது 'வி' இல்லை. 'எஸ்'."

"அப்படியென்றால்?"

"இது கார் எஞ்சின் இல்லை, சார். டிராக்டர் எஞ்சின்."

எங்கள் வீட்டுக் காருக்குள் அறுபது வருஷமாக ஒரு டிராக்டர் குடியிருந்தது என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? பெரியம்மாவின் முகம்தான் எனக்கு முதலில் தோன்றிற்று. அடுத்தபடியாகப் போலீஸ் தோன்றிற்று. புத்தகத்தில் ஓர் எண், எஞ்சினில் வேறோர் எண் என்றால், 'இதை எங்கே திருடினாய்?' என்பதுதானே முதல் கேள்வி?

இந்த இடத்தில் எஞ்சின் எண்ணைப்பற்றிச் சற்று விவரமாகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் பாயிடம் அரை நாள் பாடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டி மீதியைத் தெரிந்துகொண்டேன்.

எஞ்சினின் இரும்பு உடம்பில் இரண்டு வகை எழுத்துகள் உண்டு. ஒன்று புடைத்திருப்பது, மற்றொன்று குழிந்திருப்பது. புடைத்திருப்பது வார்ப்படத்திலேயே வந்தது. அது அந்த அச்சின் பெயர். அதே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான எஞ்சின்களிலும் அதே எண்தான் இருக்கும். குடும்பப் பெயர் மாதிரி. குழிந்திருப்பது, எஞ்சின் முழுசாகப் பூட்டி முடிந்த பிறகு உளியச்சை வைத்துச் சுத்தியால் ஓங்கி அடித்தது. அதுதான் அந்த எஞ்சினுக்கென்று இட்ட பெயர். பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புடைத்த எண்ணைப் பார்த்துவிட்டு, 'நம்பர் இருக்கிறது' என்று திருப்தியோடு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

குழிந்த எண்ணிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. சுத்தியால் அடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் குழிக்குக் கீழேயும் இரும்பு நெரிபட்டு இறுகிப்போகிறது. திருடன் அரத்தால் ராவி மேற்பரப்பை வழுவழுப்பாக்கிவிட்டாலும் அந்த இறுக்கம் உள்ளே அப்படியே இருக்கும். தடய அறிவியல் நிபுணர்கள் அந்த இடத்தில் செப்பு குளோரைடு கலந்த அமிலத்தைத் தடவுவார்கள். நெரிபட்ட இரும்பும் நெரிபடாத இரும்பும் அமிலத்துக்கு ஒரே மாதிரி இடம் கொடுப்பதில்லை. சிறிது நேரத்தில் அழிந்த எண் ஆவிபோல் மேலே எழுந்து வரும். பார்த்தவர்கள், மாந்திரீகத்துக்கு அடுத்தபடி இதுதான் என்பார்கள்.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள்தாம் ஜாதகத்தில் முக்கியமான கட்டம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை. யுத்த காலத்து ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யுத்தம் முடிந்ததும் ராணுவ 'டிஸ்போஸல்' ஏலத்தில் நம் ஊர்ப் பக்கமெல்லாம் ஜீப்புகள் வந்து குவிந்தன. எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் எஞ்சினில் எம்.பி. என்றிருந்தால் வில்லிஸ் கம்பெனியில் பிறந்தது, ஜி.பி.டபிள்யூ. என்றிருந்தால் ஃபோர்டு கம்பெனியில் பிறந்தது. ஃபோர்டுக்காரர்கள் அத்தோடு விடவில்லை. ஆணித் தலையில்கூட 'எஃப்' என்று பொறித்துவைத்தார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் பி.எம்.ஸி. கம்பெனி இதை ஒரு இலக்கணமாகவே வகுத்துவிட்டது. பதினைந்து என்றால் ஆயிரத்து ஐந்நூறு சி.சி.; ஜி என்றால் எம்.ஜி. என்னும் பந்தயக் கார். எம் என்றால் மாரிஸ். கடைசியில் ஹெச் என்றால் அழுத்தம் அதிகம், எல் என்றால் குறைவு. நம் அம்பாஸடருக்கு 1959-இல் வந்து சேர்ந்த 1489 சி.சி. எஞ்சின் அந்தப் பி.எம்.ஸி. குடும்பத்துப் பிள்ளைதான். சீமையில் எம்.ஜி.ஏ. என்ற அழகான விளையாட்டுக் காரில் சீறிப் பாய்ந்ததன் சகோதரன், இங்கே கலெக்டர்களையும் கல்யாண கோஷ்டிகளையும் சுமந்துகொண்டு சாவதானமாகப் போயிற்று. மாருதி 800 வைத்திருந்தவர்களும் தங்கள் எஞ்சினில் எஃப்.8.பி. என்று படித்திருப்பார்கள். நடுவிலுள்ள எட்டுக்கு அர்த்தம் எண்ணூறு சி.சி. என்பதுதான்.

பி.எம்.ஸி.காரர்கள் செய்த ஒரு காரியம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணை எஞ்சின் உடம்பில் அடிக்காமல் ஒரு சிறு தகட்டில் அடித்து, தகட்டை ரிவெட் வைத்துப் பிளாக்கில் ஒட்டிவிட்டார்கள். தகட்டைக் கழற்றி இன்னொன்றில் ஒட்ட எத்தனை நேரம் ஆகும்?

நிற்க. வான்கார்டின் கதைக்கு வருகிறேன். நம் சென்னையோடு நேரே சம்பந்தப்பட்ட கதை அது.

இரண்டாவது யுத்தத்தின்போது இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துப் பானர் லேன் என்ற இடத்தில் ஆகாய விமான எஞ்சின் செய்யும் பிரம்மாண்டமான தொழிற்சாலை ஒன்று இருந்தது. நடத்தியது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. யுத்தம் முடிந்ததும் அத்தனை பெரிய கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதன் தலைவர் ஸர் ஜான் பிளாக் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஹாரி ஃபெர்குசன் என்ற ஐரிஷ்காரர் வந்து சேர்ந்தார். அவரிடம் ஒரு சின்ன டிராக்டரின் திட்டம் இருந்தது. 1946-இல் அங்கே டிராக்டர் வெளிவரத் தொடங்கிற்று. டி.ஈ.20 என்று பெயர். முதலில் அமெரிக்க கான்டினென்டல் எஞ்சினை வைத்துச் சமாளித்தார்கள். ஸ்டாண்டர்டு கம்பெனியின் சொந்த எஞ்சின் அடுத்தபடி தயாராகி வந்தது. 1956 வரையில் அந்த டிராக்டர் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது.

ஸர் ஜான் பிளாக் சிக்கனக்காரர். ஒரே எஞ்சினை டிராக்டருக்கும் காருக்குமாக வார்த்துவிட்டால் என்ன என்று தீர்மானித்தார். அந்தக் காருக்குத்தான் ஆங்கிலேயக் கடற்படையின் புதிய போர்க்கப்பலின் பெயரை வைத்து வான்கார்டு என்றார்கள். அதன் உருவத்தை வரைந்த வால்டர் பெல்கிரோவ், லண்டனில் அமெரிக்கத் தூதராலயத்துக்கு எதிரே உட்கார்ந்து, வந்து போகும் அமெரிக்கக் கார்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தாரென்று சொல்வார்கள். ஆமை முதுகு அப்படி வந்ததுதான். மூன்றே கியர், அதுவும் ஸ்டியரிங் கம்பத்தில். முன்வரிசையில் மூன்று பேர் உட்காரலாம். நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

எஞ்சினில் ஒரு விசேஷம் உண்டு. பிஸ்டன் ஓடும் குழாய்கள் பிளாக்கோடு ஒட்டி வார்த்தவை அல்ல; தனித்தனியாக உருவி எடுக்கக் கூடிய லைனர்கள். அவற்றைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். தேய்ந்துபோனால் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். குடியானவனுக்கு எவ்வளவு சௌகரியம்! கம்பெனிக்கும் சௌகரியம்தான். எண்பது மில்லிமீட்டர் லைனர் போட்டால் 1850 சி.சி.; ஆரம்பத்தில் டிராக்டருக்கு அது. எண்பத்தைந்து போட்டால் 2088, வான்கார்டுக்கு அது. 1953-இல் அதே எஞ்சினில் எண்பத்து மூன்று போட்டு, 1991 சி.சி. ஆக்கி, இரண்டு கார்புரேட்டரை மாட்டி, ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற பந்தயக் காரைச் செய்தார்கள். பிறகு வந்த டி.ஆர்.4-இல் எண்பத்தாறு. வயலில் ஏர் பூட்டியவனும் மைதானத்தில் குதிரை ஓட்டியவனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த ஃபெர்குசன் டிராக்டரில்தான்.

பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்ளத்தான் எழுத்து. வான்கார்டுக்கு 'வி', டி.ஆர்.2 காருக்கு 'டி.எஸ்.', டிராக்டருக்கு வெறும் 'எஸ்'. எண்ணின் வாலில் 'ஈ' என்றிருந்தால் இது எஞ்சினின் எண், சேஸிஸ் எண் அல்ல என்று அர்த்தம்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற கம்பெனி 1948-இல் ஏற்பட்டது. வண்டலூரில் தொழிற்சாலை. முதலில் அங்கே பூட்டியது வான்கார்டுதான். பிறகு எட்டு, பத்து என்று எண்களைப் பெயராகக் கொண்ட சிறு கார்கள், 1961-இல் ஹெரால்டு, 1972-இல் கெஸல். ஹெரால்டின் ஜாதகம் வேறு. சீமையில் அதன் எஞ்சினை 1200 ஆக்கினார்கள், 1300 ஆக்கினார்கள். இங்கே கடைசி வரையில் அதே 948 சி.சி.தான். கடைசியாக 1985-இல், 'ஸ்டாண்டர்டு 2000' என்று ரோவர் கம்பெனியின் நவீன உடம்பைக் கொண்டுவந்து, பட்டுப் புடவை கட்டிய பாட்டி மாதிரி, உள்ளே பழைய வான்கார்டு வமிசத்து 1991 சி.சி. எஞ்சினையே வைத்தார்கள். விலையோ மிக அதிகம், பெட்ரோலையும் குடித்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. கவென்ட்ரியில் டிராக்டருக்கென்று பிறந்த எஞ்சின், நாற்பது வருஷத்துக்குப் பிறகு வண்டலூரில் கண்ணை மூடிற்று என்று சொன்னால் தப்பில்லை.

இவ்வளவும் பாயின் கொட்டகையில் எனக்குத் தெரியாது. 'எஸ்' என்ற ஓர் எழுத்துதான் தெரியும். அதை மறுக்க வழி உண்டா என்று பார்த்தேன்.

"அடியில் உள்ள சம்ப்பைப் பாருங்கள், பாய். காருடையதுதானே?" என்று கேட்டேன். ஃபெர்குசன் டிராக்டரில் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினே முதுகெலும்பு. ஆகையால் அதன் அடிப்பாகம் கனத்த வார்ப்பிரும்பாக இருக்கும். எங்கள் எஞ்சினிலோ காருக்கு வைக்கிற மெல்லிய தகட்டு சம்ப் இருந்தது.

"அதைக் காரிலிருந்து கழற்றி இதுல மாட்டியிருக்காங்க, சார். கார்புரேட்டரும் காரோடதுதான். பூட்டினவன் நல்ல வேலைக்காரன். ஆனா லைனரை அளந்துட்டேன். எண்பது மில்லி."

"லைனரைத்தான் யாரும் மாற்றலாமே?"

பாய் சிரித்தார். "மாத்தலாம். அதனாலதான் லைனரை நான் சாட்சியா வைக்கலை. நம்பர் ஒரு பக்கம் 'எஸ்'னு சொல்லுது. லைனரும் அதையே சொல்லுது. ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லணும்னா, ரெண்டு பேரையும் யாரோ பழக்கியிருக்கணும், சார்."

அந்த நாளில் இப்படி எஞ்சின் மாற்றுவது அபூர்வமல்ல. 1953-இல் சுங்கவரிக் கமிஷன், இந்த நாட்டிலேயே கார் செய்கிற திட்டமுள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் என்று சிபாரிசு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி. ஒரு கிராங்க்‌ஷாஃப்ட் ஒடிந்தால் மாற்றுக்கு வழியில்லை. பெரிய அமெரிக்கக் கார்களுக்கெல்லாம் சிம்ஸன்காரர்களின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பூட்டி டாக்ஸியாக ஓட்டினார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் எந்த உடம்புக்கும் எந்த உயிரையும் பொருத்திக் கொடுக்க ஆள் இருந்தது. 1939-ஆம் வருஷத்து மோட்டார் சட்டத்திலேயே, வண்டியில் மாறுதல் செய்தால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. எத்தனை பேர் தெரிவித்தார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் பெரியப்பா தெரிவிக்கவில்லை.

ஆனால் பெரியப்பா ஏன் மாற்றினார்? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அவருடைய கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தவிர, மாற்றியதை வீட்டில் சொல்லாமல் ஏன் மறைத்தார்?

மறுநாள் கிராமத்துக்குப் போனேன். பெரியம்மாவிடம் எஞ்சின் விஷயத்தைச் சொல்லவில்லை. "பெரியப்பா கடைசிக் காலத்தில் வண்டியை எப்படி ஓட்டுவார்?" என்று மாத்திரம் கேட்டேன்.

"மெதுவாத்தான் ஓட்டுவார். முன்னெல்லாம் தஞ்சாவூருக்குப் பறந்துக்கிட்டுப் போவார். நீ காலேஜ் சேர்ந்த வருஷத்திலிருந்து நாற்பது மைலுக்கு மேல போகமாட்டார். 'வயசாச்சு, இனிமே என்ன அவசரம்?'னு சொல்லுவார். அப்போ அவருக்கு நாற்பத்தஞ்சுகூட ஆகலை" என்றார் பெரியம்மா.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம்!

நான் மூன்று வயதில் தகப்பனாரை இழந்தவன். பெரியப்பாதான் வளர்த்தார். 1964-இல் துவாக்குடிப் பொட்டலில் பிராந்திய இன்ஜினீயரிங் கல்லூரியைத் தொடங்கினார்கள். இன்றைக்கு என்.ஐ.டி. என்று உலகமெல்லாம் பெயர் பெற்றிருப்பது அதுதான். அடுத்த ஆண்டு எனக்கு அங்கே இடம் கிடைத்தது. பாய்லர் தொழிற்சாலையும் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் சிமெண்டுப் புழுதி. எங்கள் மேட்டு நிலத்தில் அந்த வருஷம் மகசூல் சரியாக இல்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் சம்பளத்துக்கும் ஹாஸ்டலுக்கும் பெரியப்பா ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார். "நெல் வித்த பணம்" என்றார். நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்?

அந்தக் கல்லூரியில் நான் இரண்டு வருஷம்தான் இருந்தேன். டிராயிங் போர்டுக்கு அடியில் வைத்து நாவல் படித்தேன்; பிறகு நாவல் எழுதப்போகிறேனென்று ஓடிவந்துவிட்டேன். பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வண்டியில ஏறு" என்றார். துவாக்குடியிலிருந்து ஊர்வரையில் நாற்பது மைல் வேகத்தைத் தாண்டாமல், பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்.

பெரியப்பாவின் கணக்கு நோட்டுகள் பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. தமிழ் வருஷப் பெயர் எழுதி வரிசையாக அடுக்கியிருந்தார். விசுவாவசு வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தேன். அறுபது வருஷச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி, நான் அதைத் தேடி எடுத்த வருஷமும் விசுவாவசுதான். ஆனி மாதப் பக்கத்தில், வரவில் ஒரு வரி: 'திருச்சி டாக்ஸிக்காரரிடம் எஞ்சின் மாற்றிக்கொண்ட வகையில் வித்தியாசம், ரூ. 900.' பற்றில், அதற்கு நேரே: 'தம்பி மகன் காலேஜ், ஹாஸ்டல், ரூ. 640. மேற்படிக்குப் பெட்டி, படுக்கை, ரூ. 42.' அவ்வளவுதான். விளக்கம் எதுவும் இல்லை. கணக்கு நோட்டில் விளக்கம் எழுதுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

நடந்ததை இப்படித்தான் ஊகிக்க முடிகிறது. யாரோ ஒரு டாக்ஸிக்காரரின் வான்கார்டில் பிளாக் வெடித்திருக்கிறது. அவரிடம் ஏதோ பழைய ஃபெர்குசன் டிராக்டரின் எஞ்சின் இருந்திருக்கிறது. அதை டாக்ஸியில் பூட்டினால் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஓட முடியாது. சொந்தக் காரில் பூட்டினால், மெதுவாகப் போகச் சம்மதிக்கிற மனிதருக்கு, அது போதும். அந்தக் கார் எஞ்சினுக்குள் நெல் விலையைக் காட்டிலும் பெரிய தொகை இருக்கிறதென்று பெரியப்பா கண்டுகொண்டிருக்கிறார்.

பேரப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னேன். அவன் கொஞ்சம் ஏமாற்றம் அடைந்தான். பிறகு, "எங்கேயாவது 'வி' எழுத்து எஞ்சின் ஒன்று தேடிப் பிடித்து மாற்றிவிடலாமா, சின்னத் தாத்தா?" என்று கேட்டான். எழுத்தைச் சொல்லலாம், புத்தகத்தில் உள்ள அதே எண்ணுக்கு எங்கே போவது? அதைப் புதிதாக அடித்துக் கொடுக்கவும் ஆள் இருக்கிறதென்று பாயே சொல்லியிருந்தார்; சொல்லிவிட்டு, "நான் செய்யமாட்டேன், சார்" என்றும் சொல்லியிருந்தார். எஸ் எஞ்சினே இருக்கட்டும் என்று பேரனிடம் சொல்லிவிட்டேன். விண்டேஜ் எண் கிடைக்காமல் போனாலும் போகட்டும். உள்ளதை உள்ளபடி எழுதி மனுக் கொடுப்பது, அறுபது வருஷம் தாமதமாக. பாய் எடுத்த பென்சில் படியையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை வாங்கிப் பார்த்த குமாஸ்தாப் பெண், "இதென்ன சார், கல்வெட்டா?" என்று கேட்டாள்.

பெரியம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நோட்டுப் புத்தகமும் கையுமாக நான் பரணிலிருந்து இறங்கியதை அவர் பார்த்துவிட்டார். தொண்ணூற்று மூன்று வயதில் காது மந்தம், கண் மந்தமில்லை. "என்னடா அது? படி" என்றார். படித்தேன். வரவு வரியையும் பற்று வரியையும் சேர்த்துப் படித்தேன்.

வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. தாழ்வாரத்தில் கோழி ஒன்று குறுக்கே போயிற்று. அதை விரட்டினார்.

"எவ்வளவுன்னு படிச்சே?"

"தொள்ளாயிரம், பெரியம்மா."

"அந்த எஞ்சினுக்கா?" என்றார். "ஆயிரத்து இருநூறு கேட்டிருக்கலாம். மனுஷனுக்குப் பேரம் பேசவே தெரியாது."